அம்மாவின் சுளகும் இரண்டாவது வாதமும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் கூடுவோம். பதினைந்து பேர் வருவார்கள், தேர்வு நெருங்கினால் இருபத்தைந்து ஆகிவிடும். வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி, டிஎன்பிஎஸ்சி என்று ஆளுக்கொன்றுக்குப் படிக்கிற பிள்ளைகள். நான் ஒரு வங்கியில் அதிகாரியாக இருக்கிறேன். நான்கு வருடம் இதே தேர்வுகளை எழுதி உள்ளே வந்தவள் என்பதால் ரீசனிங்கை, அதாவது தர்க்க அறிவுப் பகுதியை, என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வாதங்களின் வலுவைக் கணிக்கிற பகுதியை எடுத்தேன். பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்.

கூற்று: புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் விற்பனையையும் முற்றிலும் தடை செய்ய வேண்டுமா?

வாதம் 1: ஆம். புகையிலை புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் காரணமாகிறது, புகைக்காதவர்களின் உடல்நலத்தையும் கெடுக்கிறது.

வாதம் 2: வேண்டாம். இந்தத் தொழிலை நம்பியிருக்கும் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழப்பார்கள்.

முதல் வாதம் மட்டும் வலுவானது, இரண்டாவது மட்டும் வலுவானது, ஏதேனும் ஒன்று, இரண்டும் வலுவற்றவை, இரண்டும் வலுவானவை என்று வழக்கமான ஐந்து விடைகள். இரண்டு நிமிடம் கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் கடைசி விடையைப் போட்டிருந்தார்கள், சரியான விடையும் அதுதான். இரண்டு பேர் மட்டும் மாறியிருந்தார்கள். முதல் வரிசையில் இருந்த பெண் ‘இரண்டாவது மட்டும்’ என்று போட்டிருந்தாள். ஜன்னல் ஓரத்துப் பையன் ‘முதலாவது மட்டும்’.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் நடையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களைப் பார்க்கலாம். மடியில் சுளகு, அதில் நனைத்து வெட்டிய இலை, ஓரத்தில் தூள், விரலில் நூல். அந்தப் பெண்ணின் அம்மா அப்படித்தான் இருபது வருடமாகச் சுற்றுகிறார். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு. இவள் பன்னிரண்டாவது வரைக்கும் பள்ளிவிட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பாளாம். ஆள்காட்டி விரலில் கத்தரி பிடித்த தழும்பு இப்போதும் இருக்கிறது.

“முதல் வாதம் ஏன் வலுவில்லைன்னு போட்ட?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானக்கா அது. பாக்கெட்டுலயே படம் போட்டிருக்காங்க. தெரிஞ்சுதான குடிக்காங்க?”

பையனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய அப்பா வாய்ப்புற்றுநோயில் இறந்தவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. “வேலை போனா வேற வேலை தேடிக்கலாம்கா. உயிர் போனா?” என்றான். அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் கீழே அனுப்பினேன்.

அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் ‘விடை ஐந்து’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். மனசு வரவில்லை. அவர்கள் இருவரும் சறுக்கிய இடத்தில்தான் இந்தக் கேள்வியே இருக்கிறது என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுத் தாளில் இந்தப் பகுதிக்கு மேலே ஒரு குறிப்பு வரும். பலர் அதைப் படிப்பதே இல்லை. வலுவான வாதம் என்பது முக்கியமானதாகவும் கேள்வியோடு நேரடித் தொடர்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். முக்கியத்துவம் குறைந்ததும், கேள்வியைத் தொடாததும், கேள்வியின் ஏதோ ஓர் அற்ப அம்சத்தை மட்டும் தொடுவதும் வலுவற்றவை. உன் கட்சி எது என்று அந்தக் குறிப்பு கேட்கவே இல்லை. தடை வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையும் நமக்கு இல்லை. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர் முன்னால் எந்தெந்த வாதத்தை வைத்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

இதைப் பிள்ளைகளுக்கு என் வேலையை வைத்துத்தான் சொல்வேன். ஒரு பெட்டிக்கடைக்காரர் கடன் கேட்டு வருகிறார். கோப்பில் நான் குறிப்பு எழுத வேண்டும். ‘இவர் எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர்’ என்று எழுதினால் மேலாளர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ‘ஆறு மாதமாகக் கணக்கில் தினமும் பணம் வந்து போயிருக்கிறது’ என்று எழுதினால் அங்கே நிற்பார். ‘ஏற்கனவே ஒரு தங்கநகைக் கடனில் வட்டி நிலுவை’ என்று எழுதினால் அங்கேயும் நிற்பார். கடைசியில் கடன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் நின்று படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட முடியும். எந்த வரி பேனாவை நிறுத்துகிறதோ அது வலுவானது. புகையிலைக் கேள்வியில் இரண்டு வாதங்களுமே பேனாவை நிறுத்துகிறவை.

இந்த வகைக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த குட்வின் வாட்சன் என்ற உளவியலாளர், மனிதர்களின் நடுநிலையை அளக்க 1925-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அதில் ஒரு பகுதி, சர்ச்சைக்குரிய ஒரு விஷயத்தைக் கொடுத்து, இரண்டு பக்கத்து வாதங்களையும் கீழே எழுதி, எது வலுவானது எது வலுவற்றது என்று குறிக்கச் சொல்வது. தன் பக்கத்து வாதங்களையெல்லாம் வலுவானவை என்றும், எதிர்ப்பக்கத்தில் நல்ல வாதம் இருந்தும் அதை வலுவற்றது என்றும் ஒருவர் குறித்துக்கொண்டே போனால் அது அவருடைய சார்பைக் காட்டுகிறது என்று வாட்சன் எடுத்துக்கொண்டார். பிறகு எட்வர்ட் கிளேசர் அதே கல்லூரியில் இந்த வேலையை முன்னே கொண்டுபோனார். அவருடைய ஆய்வு 1941-இல் வெளிவந்தது. இருவர் பெயரையும் தாங்கிய வாட்சன்-கிளேசர் சோதனையை இன்றைக்கும் பிரிட்டனில் சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பயன்படுத்துகின்றன. அதில் ஐந்து பகுதிகள், வாதங்களை மதிப்பிடுவது அவற்றில் ஒன்று. நம் வங்கித் தேர்வு வழிகாட்டிகளில் இருக்கும் குறிப்பையும் அந்தச் சோதனையின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் ஒட்டி வருவது தெரியும்.

ஆக, நாம் அரை மார்க்குக்கும் கால் மார்க்குக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டு எழுதுகிற இந்தக் கேள்வி, முதலில் மனச்சாய்வைப் பிடிக்க வைத்த பொறி. நான் தேர்வுக்குப் படித்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பகுதியை வேறு மாதிரி படித்திருப்பேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ‘மட்டுமே’ வந்தால் வலுவற்றது, ‘எல்லா’ வந்தால் வலுவற்றது, வேறு நாட்டின் பெயர் வந்தால் வலுவற்றது, கேள்வியாக முடிந்தால் வலுவற்றது என்று பத்துப் பன்னிரண்டு சூத்திரங்கள். அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. முதல்நிலைத் தேர்வில் இருபது நிமிடத்தில் முப்பத்தைந்து ரீசனிங் கேள்விகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சூத்திரம்தான் கை கொடுக்கும். ஆனால் அடுத்த கட்டமான மெயின்ஸில் கேள்வி எடுப்பவருக்கும் அந்தச் சூத்திரங்கள் தெரியும். நான் அப்படி இரண்டு முறை வழுக்கியிருக்கிறேன். பிள்ளைகள் வழுக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு சூத்திரத்தையும் பிரித்துக் காட்டுகிறேன்.

வேறு நாட்டின் பெயரை எடுத்துக்கொள்வோம். ‘ஓட்டுப் போடும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி. இந்தியாவில் 61-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 1989-இல்தான் வயது 21-லிருந்து 18 ஆனது. இப்போது வாதம்: ‘ஆம், ஆஸ்திரியா 2007-இல் 16 ஆகக் குறைத்துவிட்டது.’ உண்மைத் தகவல்தான், ஆனாலும் வலுவற்றது. அவர்கள் செய்தார்கள், சரி, அதனால் நாம் ஏன் செய்ய வேண்டும்? அந்த ‘ஏன்’ வாதத்தில் இல்லை. இதே வாதம், ‘அங்கே குறைத்த பிறகு பள்ளிப் பருவத்திலேயே ஓட்டுப் போடப் பழகியவர்கள் தொடர்ந்து வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள்’ என்று போனால் கதை மாறிவிடும். அப்போது நாட்டின் பெயர் சும்மா நிற்கவில்லை, ஒரு விளைவைச் சுமந்துகொண்டு வருகிறது. பெயரைப் பார்த்ததும் அடித்துவிடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் இல்லை. மணிமேகலையின் 29-வது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை, அதாவது தர்க்கத்தை, சொல்லும்போது பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதத்தின் பிழைகளை வகை வகையாகப் பிரிக்கிறார். பக்கம் என்றால் நிறுவ வந்த கூற்று, ஏது என்றால் காரணம், திட்டாந்தம் என்றால் எடுத்துக்காட்டு. திட்டாந்தப்போலி எடுத்துக்காட்டு மாதிரியே இருக்கும், ஆனால் எதையும் நிறுவாது. ‘போலி’ என்ற சொல்லை வகுப்பில் போட்டதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் ஒருவர் விடை சொன்னால் பின்வரிசையிலிருந்து “போலி, போலி” என்று குரல் வருகிறது.

பிளாஸ்டிக் கேள்வி இன்னொரு வகை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ‘இந்தத் தடை வேண்டுமா?’ என்று கேட்டு எதிர் வாதங்களைப் பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன். முதலில் வந்தது, “பார்சல் டீ எதுல வாங்குவாங்க?” எல்லோரும் தலையாட்டினார்கள், எங்கள் ஊரில் டீ பார்சல் என்றால் பையும் ரப்பர் பேண்டும்தான். ஆனால் ஒரு தூக்குவாளியோடு அந்த வாதம் முடிந்துபோகிறது. சின்ன மாற்றத்தில் தீர்ந்துபோகிற சிரமத்தை வைத்துப் பெரிய முடிவை நிறுத்த முடியாது, அதனால் வலுவற்றது. அடுத்து ஒருத்தி, “பை தயாரிக்கிற சின்னச் சின்ன யூனிட்டுல வேலை பாக்குறவங்க என்ன செய்வாங்க?” என்றாள். இது தூக்குவாளியில் தீராது. வலுவானது. தடை சரி என்று நினைக்கிறவர்களும் இதற்குப் பதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி மதுவிலக்கு. எங்கள் வகுப்பில் அதற்குக் கொடுத்த நேரத்தை வேறு எதற்கும் கொடுத்ததில்லை. ‘முழு மதுவிலக்கு கொண்டுவர வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு, ‘வேண்டாம், அரசுக்குப் பெரும் வருமானம் போய்விடும்’ என்ற வாதத்தை எழுதினால் முக்கால்வாசிப் பேர் வலுவற்றது என்று போடுவார்கள். ஏன் என்று கேட்டால், “குடியை வைத்து வருமானமா, அசிங்கம் இல்லையா?” என்பார்கள். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. எங்கள் தெருவில் குடியால் சரிந்த வீடுகள் மூன்று. ஆனால் கேட்க அசிங்கமாக இருப்பது வேறு, வலுவற்றது என்பது வேறு. இந்த மாநிலத்தில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து வருமானக் கேள்வி கூடவே நடந்து வந்திருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டுவந்தார். விலக்கைக் கொண்டுவந்தவரே எடை போட்டு, பதில் தேட வேண்டியிருந்த வாதத்தை நாம் ‘வலுவற்றது’ என்று எப்படித் தள்ளுவது?

அதே கேள்வியில் ‘வேண்டாம், கள்ளச்சாராயம் பெருகும்’ என்ற வாதமும் வரும். இதை எல்லோரும் உடனே வலுவானது என்பார்கள். நானும் அப்படித்தான் போடுவேன், ஆனால் கொஞ்சம் நிறுத்திப் பேசிவிட்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது அரசு மதுக்கடைகள் திறந்துதான் இருந்தன. அதாவது கள்ளச்சாராயத்துக்குத் தடை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, விலையும் ஏழ்மையும் கண்காணிப்பும் சேர்ந்திருக்கின்றன. ‘பெருகும் வாய்ப்பு உண்டு’ என்று வாதம் நின்றால் அது நேர்மையானது. ‘எல்லோரும் கள்ளச்சாராயத்துக்குப் போய்விடுவார்கள்’ என்று நீண்டால் அங்கே அது உடைகிறது. ‘எல்லோரும்’ என்ற சொல் வந்ததற்காக அதைத் தள்ளக் கூடாது. அந்தச் சொல் சுமக்கிற அளவுக்கு உண்மை இல்லை என்பதற்காகத் தள்ளலாம்.

நாம் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். பேச்சாளர் ஒரு கதை சொல்லி, குரலை ஏற்றி, ‘யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே’ என்று நிறுத்தினால் கை தானாகத் தட்டும். எனக்குப் பட்டிமன்றம் மிகவும் பிடிக்கும், பொங்கலன்று தவறாமல் பார்ப்பேன். ஆனால் அங்கே ஒரு அணிக்காரர் எதிரணியின் நல்ல வாதத்தைப் பார்த்து ‘இது பலமானது’ என்று சொல்ல முடியாது, அது அந்த அரங்கின் விதி. அதைச் சொல்லும் இடத்தில் நடுவர் மட்டுமே இருக்கிறார். பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு வரும்போது அணியில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். நடுவர் நாற்காலிக்கு அவர்களைக் கொண்டுவருவதுதான் என் வேலை.

அடுத்த ஞாயிறு இவ்வளவையும் சொன்னேன். வாட்சன் கதையையும் சொன்னேன். அந்தப் பெண்ணையும் பையனையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் அவர்களுக்குப் புரிந்தது. பலகையில் போன வாரத்துக் கேள்வியை மறுபடி எழுதி, ‘முற்றிலும்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். இதை முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. ‘கட்டுப்படுத்த வேண்டுமா’ என்று கேட்டிருந்தால் இரண்டாவது வாதத்தின் எடை குறைந்திருக்கும். ‘முற்றிலும் தடை’ என்று கேட்டதால்தான் பீடிக்கடையில் கட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிற அத்தனை பெண்களும் அந்தக் கேள்விக்குள் வந்து நிற்கிறார்கள். 2021-லிருந்து வங்கி எழுத்தர் தேர்வை நம் பிள்ளைகள் தமிழிலும் எழுதலாம் என்று ஆன பிறகு, இப்படி ஒரு சொல்லில் நின்று படிக்கிற பழக்கத்தை அவர்களுடைய சொந்த மொழியிலேயே உண்டாக்க முடிகிறது. எனக்கு அது கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் அர்த்தம் பிடிப்பதற்குள்ளேயே நேரம் போய்விடும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் நோட்டோடு வந்தாள்.

“அம்மாகிட்ட கேட்டேன்க்கா.”

“என்னன்னு?”

“பீடிய முழுசா தடை பண்ணலாமான்னு. அம்மா நிமிரவே இல்ல, சுத்திக்கிட்டே சொன்னாவ. ‘பண்ணட்டும். இந்தத் தூளு நெஞ்செல்லாம் ஏறி நானே ராவெல்லாம் இருமுதேன். ஆனா அதுக்கு முன்னால என் கைக்கு வேற ஒரு வேலையக் காட்டட்டும்.’”

நோட்டைத் திறந்து காட்டினாள். அம்மா சொன்னதை வைத்துத் தானே ஒரு கேள்வி எழுதியிருந்தாள். ‘பீடித் தொழிலாளர்கள் அனைவருக்கும் மாற்று வேலை கொடுத்த பிறகே புகையிலையைத் தடை செய்ய வேண்டுமா?’ முதல் வாதத்தையும் எழுதியிருந்தாள்: ‘ஆம், வருமானம் இல்லாமல் ஒரே நாளில் குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும்.’ இரண்டாவது வாதத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

“இதுக்கு எதிரா என்ன எழுதன்னு தெரியலக்கா.”

நான் வாய் திறக்கும் முன்னால் பின்னால் நின்ற அந்தப் பையன் நோட்டை வாங்கினான். படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினான். ‘வேண்டாம். அனைவருக்கும் வேலை கிடைக்கும் வரை எத்தனை வருடம் ஆகுமோ, அத்தனை வருடமும் ஆட்கள் செத்துக்கொண்டே இருப்பார்கள்.’

அவள் இரண்டு முறை படித்தாள். பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் ‘வலுவானது’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.